முன்வரிசை

கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. விளக்குகளில் பாதிதான் எரிந்தன. லொரைன், மின்சாரக் கெட்டில்கள் அடுக்கும் அலமாரியின் கீழ்த்தட்டுக்கு முன்னால் ஓர் அட்டைப்பெட்டியை மடித்துப் போட்டாள். அதன்மேல் வலது முட்டியை ஊன்றி, இடது முட்டியைப் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டு, கையை உள்ளே நீட்டினாள். தட்டின் கடைசியில் இரண்டு பெட்டிகள் இருந்தன. இரண்டையும் முன்னுக்கு இழுத்தாள். ஒன்றை நேராக நிறுத்தினாள். இன்னொன்றை அகலவாட்டில் திருப்பி வைத்தாள்; அப்படி வைத்தால் ஒரு பெட்டி ஒன்றரைப் பெட்டியின் இடத்தை அடைக்கும். விலைச்சீட்டுக்கு நேரே படம் வரும்படி விரலால் தள்ளினாள். பிறகு தட்டைப் பிடித்து எழுந்து, இரண்டடி பின்வாங்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். தட்டு நிறைந்திருந்தது.

இதற்குக் கடையில் முன்வரிசை கட்டுவது என்று பெயர். எல்லாக் கடையிலும் செய்கிற வேலைதான். விற்க விற்கப் பின்னால் இருப்பதை முன்னால் இழுத்துவிட வேண்டும். ஓட்டை தெரிந்தால் வந்தவர்கள் கை வைக்க யோசிப்பார்கள். ஊர் ஊராகக் கிளை உள்ள ஆல்டர்ட்டன் என்ற இந்தக் கடையில் லொரைன் சேர்ந்த புதிதில் காலையில் ஒரு தடவை கட்டினால் மத்தியானம் வரை கவலையில்லை. முன்வரிசைக்குப் பின்னால் இன்னும் நாலு வரிசை நிற்கும். இப்போது முன்வரிசை மட்டும்தான் இருந்தது. ஒரு பெட்டி விற்றால் பக்கத்தில் இருப்பவற்றை நகர்த்தி இடைவெளியைப் பங்கிட வேண்டும். நாள் முழுவதும் அதே வேலை. குனிந்து நிமிர்ந்து அவள் இடுப்பு விட்டுப்போயிருந்தது. இடது முட்டி எப்போதோ விட்டுவிட்டது.

"அரமனைக்குப் பொருள் அனுப்பற மாதிரி அடுக்கற. வாங்கறவ என்னவோ பத்து நிமிஷம் பொரட்டிப் பாத்துட்டு அம்போன்னு விட்டுட்டுப் போறா" என்றாள் பெவ். துண்டு, போர்வைப் பகுதி அவளுடையது. இரண்டு பேரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"உன் பக்கம் முடிஞ்சுதா?"

"துண்ட மடிச்சு வெக்கறத விட்டுட்டேன். உருட்டி வெக்கறேன். உருட்டினா மூணு துண்டு முப்பது துண்டு மாதிரி நிக்குது. நம்ம ஒடம்பும் அப்படித்தான், குறுக்கால பாத்தா நெறய தெரியும்."

லொரைன் சிரித்தாள். சிரித்தபோது முட்டியில் சுருக்கென்றது.

செவ்வாயும் வெள்ளியும் வந்துகொண்டிருந்த லாரி இப்போது செவ்வாய்க்கிழமை மட்டும் வந்தது. அதிலும் பாதி காற்று. ஏன் என்று மேலாளர் காரெத் அன்று காலை கல்லாக்களுக்கு நடுவில் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னான். அவனுக்கு முப்பது தாண்டியிருக்காது. முந்தின வருஷம்தான் வடக்கு இங்கிலாந்தில் இருக்கும் இந்தப் பார்ன்ஸ்லி கடைக்கு மாற்றலாகி வந்திருந்தான். பேசும்போது கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அவன் வழக்கம்.

"சரக்கு குடுக்கறவங்க முன்பணம் கேக்கறாங்க. நாம காசு குடுக்கலேன்னா அவங்களுக்கு ஈடு கட்ட ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி இருந்துச்சு. அது கழண்டுகிச்சு" என்றான்.

"எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லு காரெத்" என்றாள் ஒருத்தி.

"கெட்டில் வராது. டோஸ்டர் வராது. கிறிஸ்துமஸ் வரைக்கும் இருக்கறத வெச்சு ஓட்டணும்."

"கிறிஸ்துமஸ் வருமா, இல்ல அதுவும் முன்பணம் கேக்குதா?" என்றாள் பெவ்.

எல்லோரும் சிரித்தார்கள். காரெத்தும் சிரித்துவிட்டு உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டான்.

"இது வெளிய போகக் கூடாது. வாடிக்கைக்காரங்ககிட்ட மட்டும் இல்ல, வீட்டுலயும் வேணாம். நம்மது பங்குச் சந்தையில இருக்கற கம்பெனி. உள்விஷயத்த நீங்க சொல்லி, அத வெச்சு எவனாவது பங்கு வாங்கினாலோ வித்தாலோ, சொன்னவங்க மேலதான் கேசு. மேலிடத்துல இருந்து எழுத்துலயே வந்திருக்கு."

"என்கிட்டயும் பங்கு இருக்கு, மாசாமாசம் சம்பளத்துல புடிச்சு வாங்கினது" என்றாள் பெவ். "அதுக்குப் பதிலா கக்கூஸ் காகிதம் வாங்கியிருந்தா ஒரு உபயோகமாவது இருந்திருக்கும்."

லொரைன் சிரிக்கவில்லை. கேசு என்ற சொல் அவளைப் பிடித்துக்கொண்டது. கடையிலிருந்து ஒரு பேனாவைக்கூட மறந்துபோய் வீட்டுக்கு எடுத்துப்போகாதவள் அவள். சொல்லக் கூடாது என்றால் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

வீட்டில் சொல்வதற்கு நேரமும் இல்லை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, மேடு ஏறி, கதவைத் திறந்ததும் அவள் செய்கிற முதல் காரியம் அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்து இடது காலை எதிர் நாற்காலியில் தூக்கிப் போடுவது. அவள் கணவன் நெவில் உறைபெட்டியிலிருந்து பட்டாணிப் பையை எடுத்து வந்து முட்டியின் மேல் வைப்பான். அந்தப் பட்டாணியை யாரும் சமைத்ததில்லை. உறைந்து உருகி, உறைந்து உருகி, அது முட்டிக்கென்றே ஆகிவிட்டது. முட்டி ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரி வரிசையில் அவள் பெயர் இருந்தது. கூப்பிடுவார்கள் என்றார்கள், எந்த வருஷம் என்று சொல்லவில்லை. அதுவரை நிற்காமல் இருங்கள் என்று டாக்டர் சொன்னார். கடையில் நிற்காமல் வேறு என்ன செய்வது என்று அவரிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

நெவில் கண்ணாடி ஆலையில் இருந்தவன். கோடையில் ஆலையை மூடி, ஆளுக்கு ஒரு தொகை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தத் தொகை வங்கியில் இருந்தது. அதை வைத்துத்தான் இரண்டு பேரும் ஒரு முடிவு செய்திருந்தார்கள்: ஓய்வூதியம் வரும்வரை அந்தப் பணத்தில் ஓட்டுவது, வரும் ஈஸ்டரோடு லொரைன் வேலையை விட்டுவிடுவது.

"ஈஸ்டருக்கு நீ நின்னுடலாம்" என்றான் நெவில்.

"நின்னது போதும். உக்காந்துடலாம்னு சொல்லு."

அந்தப் பேச்சு அவர்களுக்குள் ஒரு விளையாட்டாகவே ஆகியிருந்தது. பட்டாணிப் பையை வைக்கும்போதெல்லாம் அவன் ஒரு தடவை சொல்வான், அவள் ஒரு தடவை திருப்பிச் சொல்வாள். சொல்லும்போது வலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும்.

நெவில் முன்பெல்லாம் சனிக்கிழமை மட்டும்தான் பந்தயக் கடைக்குப் போவான். குதிரைமேல் கொஞ்சம் போடுவான், வந்தால் சிப்ஸ் வாங்கி வருவான், வராவிட்டால் வெறுங்கையோடு விசிலடித்துக்கொண்டு வருவான். லொரைன் அதைக் குறை சொன்னதில்லை. ஆலை மூடிய பிறகு எல்லா நாளும் அவனுக்குச் சனிக்கிழமை ஆகிவிட்டது. அங்கேதான், ஆலையில் கூட வேலை பார்த்த ஒருவன் கைபேசியைத் திறந்து காட்டினான். கம்பெனிகள் மேலும் பந்தயம் கட்டலாமாம். பங்கை வாங்கக்கூட வேண்டாம். ஏறுமா இறங்குமா என்று சொன்னால் போதும். சொன்னபடி நடந்தால், விலை நகரும் ஒவ்வொரு பென்னிக் காசுக்கும் இவ்வளவு வரும். மாறி நடந்தால் ஒவ்வொரு பென்னிக்கும் அவ்வளவு போகும்.

சின்னதாகப் போட்டுப் பார்த்தான். ஒரு விமான கம்பெனியில் வந்தது, ஒரு வங்கியில் போனது. ஊர் பேர் தெரியாதவற்றில் போடுவது அவனுக்கு ஒப்பவில்லை. குதிரை என்றால் ஓட்டத்துக்கு முன் அதை வட்டம் சுற்றி நடத்துவார்கள். வேலியில் சாய்ந்து நின்று கண்ணால் பார்க்கலாம். கூட்டம் எல்லாம் வேண்டாம் என்று ஒதுக்கிய குதிரையை அவன் அப்படிப் பார்த்தே இரண்டு மூன்று தடவை பிடித்திருக்கிறான். விமான கம்பெனியை எங்கே போய்ப் பார்ப்பது?

ஆல்டர்ட்டனைப் பார்க்கலாம். பஸ் ஏறினால் கால் மணி நேரம்.

பத்திரிகைகளில் தினமும் ஆல்டர்ட்டன் செத்துக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் பவுண்டு கணக்கில் இருந்த பங்கு பென்னிக் கணக்குக்கு வந்துவிட்டது. எழுதுகிறவர்கள் எல்லாம் லண்டன்காரர்கள், எவனும் கடைக்குள் கால் வைத்திருக்கமாட்டான் என்று நெவிலுக்குப் பட்டது. வைத்திருந்தால் லொரைன் தினமும் இப்படிக் களைத்துப்போய் வருவதற்குக் காரணம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். வியாபாரம் இல்லாத கடையில் வேலை செய்கிறவள் ஏன் இப்படிக் களைக்கப்போகிறாள்?

டிசம்பரின் முதல் சனிக்கிழமை லொரைன் சாண்ட்விச் டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் போனாள். நெவில் அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினான். வெளியே மழையும் பனியும் கலந்து பெய்தது. கடை வாசலில் கூட்டம் முட்டியது. எல்லாம் பாதி விலை என்று சிவப்பு எழுத்தில் தொங்கியது. அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவசரப்படாமல், குதிரையைப் பார்ப்பது போலவே பார்த்துக்கொண்டு போனான்: முதலில் கால், அப்புறம் மேனி. கீழ்த்தட்டுகளைப் பார்த்தான், பிறகு மேல்தட்டுகளை. பாத்திரங்கள், துண்டுகள், விளக்குகள், கெட்டில்கள். எங்கேயும் ஒரு ஓட்டை இல்லை. நூல் பிடித்த மாதிரி நின்றன. கல்லாவில் வரிசை வாசல்வரை வளைந்திருந்தது.

லொரைன் மேல்தட்டில் கையைத் தூக்கியபடி நின்றிருந்தாள்.

"உன் சோறு" என்று டப்பாவை நீட்டினான்.

"இதுக்காகவா மழையில வந்த?"

"சும்மா வீட்டுல என்ன பண்றது? என்ன இவ்வளவு கூட்டம்?"

"பாதி வெலைன்னா வராம என்ன?"

"சரக்கெல்லாம் நல்லா நெறஞ்சிருக்கே."

லொரைன் வாயைத் திறந்தாள். இரண்டு கை தூரத்தில் காரெத் ஒரு கிழவிக்குப் போர்வையின் அளவைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நான் கட்டினதுல்ல?" என்றாள்.

அவள் முகம் சிவந்ததை நெவில் பெருமை என்று எடுத்துக்கொண்டான். அவனுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மாடியில் இருந்த டீக்கடைக்குப் போனான். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, கீழே பைகளோடு வெளியேறும் கூட்டத்தைப் பார்த்தபடி டீ குடித்தான். ஈஸ்டர் வரை எதற்குக் காத்திருக்க வேண்டும், கிறிஸ்துமஸோடேயே அவளை உட்கார வைத்துவிடலாம் என்று தோன்றியது. இப்படி ஒரு நினைப்பு வந்ததும் டீ ருசித்தது. கைபேசியை எடுத்து, வங்கியில் இருந்ததை மொத்தமாகப் பந்தயக் கணக்குக்கு மாற்றி, ஆல்டர்ட்டன் ஏறும் என்று கட்டினான்.

திங்கட்கிழமை சந்தை திறந்ததும் இரண்டு மூன்று நாள் ஏறவும் செய்தது. ராத்திரிச் சாப்பாட்டின்போது அவன் கைபேசியை மேஜைக்கடியில் பார்த்துப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன இளிப்பு?"

"ஒண்ணுமில்ல. கிறிஸ்துமஸோடேயே நின்னுடறியா?"

"ஏன், லாட்டரி அடிச்சுதா?"

"அடிச்ச மாதிரிதான்னு வெச்சுக்கோ."

லொரைன் அவன் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள். அவன் இப்படிப் பேசி ரொம்ப நாள் ஆயிற்று. ஆலை மூடியதிலிருந்து சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தவன். எதற்குச் சிரித்தால் என்ன, சிரிக்கிறானே என்று இருந்தது அவளுக்கு. மேற்கொண்டு கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை லாரி வந்துபோன பிறகு அந்த இளைஞன் கடைக்குள் வந்தான். ஒட்டக நிறத்தில் நீளமான கோட்டு. அன்று தெருவெல்லாம் சேறாக இருந்தும் அவன் காலணியில் சேறில்லை. காரில் வந்து இறங்கியிருக்க வேண்டும். கெட்டில் அலமாரியின் முன்னால் நின்றான். படத்தைப் பார்க்கவில்லை, விலையைப் பார்க்கவில்லை. இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் கையை நுழைத்து, முழங்கை வரை உள்ளே விட்டான். கையை வெளியே எடுத்தான். அடுத்த தட்டுக்குப் போய் அதிலும் விட்டான்.

லொரைன் அவன் கையையே பார்த்தாள். பால் வாங்குகிறவர்கள்தான் நாளாகாததாகப் பார்த்துப் பின்வரிசையிலிருந்து எடுப்பார்கள். கெட்டிலுக்கு யாரும் கை விட்டு அவள் பார்த்ததில்லை.

"என்ன வேணும் கண்ணு?" என்று பக்கத்தில் போனாள்.

"இந்த நீல நிறத்துல ரெண்டு வேணும். உள்ள இருக்குமா?" அவன் குரல் மென்மையாக இருந்தது. லண்டன் பக்கத்துப் பேச்சு.

"பாத்துட்டு வரேன், இருங்க."

அவள் கிடங்குக்குப் போனாள். உள்ளே இரும்புச் சட்டங்கள் மட்டும் நின்றன. ஒரு மூலையில் போன வருஷத்துக் கிறிஸ்துமஸ் மரம் ஒன்று கால் உடைந்து சாய்ந்திருந்தது. இல்லை என்று தெரிந்தாலும் உள்ளே போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் வர வேண்டும். கேட்ட உடனே இல்லை என்று சொல்லக் கூடாது. அதுதான் கடை வழக்கம். அவள் கவிழ்த்துப் போட்டிருந்த கூடைமேல் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். தேடியிருப்பாள் என்று நம்பும் அளவுக்கு நேரம் போனதும் எழுந்து வெளியே வந்தாள்.

"இப்பத்தான் தீந்துது கண்ணு. அடுத்த வாரம் வந்துரும்."

"அப்படியா? பரவாயில்ல. அலமாரிய ரொம்ப அழகா வெச்சிருக்கீங்க" என்றான் அவன். மனதாரத்தான் சொன்னான். அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு, துண்டுப் பகுதிக்குப் போய் உருட்டி வைத்த துண்டுகளின் மேல் ஒரு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் வெளியே போனான்.

"மேலிடத்து ஆளுடி. வேஷம் போட்டு வந்து நம்மள வேவு பாக்கறான்" என்றாள் பெவ்.

லொரைனும் அப்படித்தான் நினைத்தாள். அதனால் அன்று மூடும்வரை மூன்று தடவை முன்வரிசை கட்டினாள்.

வியாழக்கிழமை காலை பெவ் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"உன் கெட்டில் பேப்பர்ல வந்துருச்சு லொரைன்!"

லண்டனில் பணக்காரர்களின் காசைப் போட்டுப் பெருக்கித் தரும் நிதி நிறுவனம் ஒன்று. ஆல்டர்ட்டன் விழும் என்று அது பெரிய தொகை கட்டியிருந்தது. ஊர் ஊராக ஆள் அனுப்பிக் கடைகளைப் பார்த்து, பார்த்ததை இப்போது வெளியிட்டுவிட்டது. முன்வரிசைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை என்பதுதான் தலைப்பு. கூடவே ஒரு படம்: இரண்டு பெட்டிகளை விலக்கிய ஒரு கை, நடுவில் இருட்டு, இருட்டுக்குப் பின்னால் தகரம். விலக்கிய பெட்டிகளில் ஒன்று அகலவாட்டில் திரும்பியிருந்தது. லொரைன் தன் கையெழுத்தைப் பார்ப்பது போல அதைப் பார்த்தாள்.

"மேலிடத்து ஆளுன்னேன். நம்ம சாவு மேல காசு கட்டினவன்" என்றாள் பெவ்.

மத்தியானத்துக்குள் பங்கு பாதியாகிவிட்டது என்று காரெத் சொன்னான். கடை மூடுகிற நேரத்தில் அடையாள அட்டையைக் கழற்றிக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனான்.

லொரைன் வீட்டுக்கு வந்தபோது அடுப்படியில் விளக்குப் போடவில்லை. தெரு விளக்கின் வெளிச்சத்தில் நெவில் மேஜை ஓரமாக உட்கார்ந்திருந்தான். எதிரே கைபேசி குப்புறக் கிடந்தது. அவள் சுவிட்சைத் தட்டினாள். அவன் முகத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தாள்.

"என்ன ஆச்சு?"

"போச்சு."

"எது?"

"ஆலைப் பணம். அவ்வளவும்." அவன் மேஜையைப் பார்த்தே பேசினான். "உங்க கடை ஏறும்னு கட்டினேன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவன் மெதுவாக, தடுக்கித் தடுக்கிச் சொன்னான். சொல்லி முடித்ததும் அவள் கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னைக் கேக்கணும்னு தோணலையா உனக்கு?"

"கேட்டா வேண்டாம்பே. சந்தோஷமா ஒரு நாள் சொல்லலாம்னு இருந்தேன்." கைபேசியை ஒதுக்கித் தள்ளினான். "நான் சும்மா போடல லொரைன். நேர்ல வந்து பாத்தேன். நெறஞ்சிருந்துச்சு. ஒரு ஓட்டை இல்ல. நீயே பக்கத்துல நின்ன."

"அது நான் கட்டினது நெவில். பின்னாடி எதுவும் இல்ல. சரக்கு ஒழுங்கா வந்தே ரொம்ப நாளாச்சு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"வெளிய சொன்னா கேசுன்னாங்க. வீட்டுலகூட சொல்லாதேன்னாங்க."

"நான் வெளி ஆளா?"

அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அது எதிரே இருந்தவன் மேல் விழுந்தது.

"பேப்பர்ல அந்தப் படம் போட்ட பய கடைக்கு வந்தான், லண்டன்காரன். அவன் வந்த உடனே பெட்டிக்கு நடுவுல கைய விட்டுப் பாத்தான். அவனுக்குத் தோணுச்சு. நீ அங்க நின்னு அவ்வளவு நேரம் பாத்தியே, ஒரு தடவை கைய உள்ள விட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே!"

நெவில் தலையைத் தூக்கினான்.

"பொண்டாட்டி கட்டின அலமாரியில எவன் கைய விட்டுப் பாப்பான்?"

லொரைன் அழுதுவிட்டாள். அவன் மேஜை விளிம்பை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டில் டிவி சத்தமாகச் சிரித்தது. ரொம்ப நேரம் கழித்து அவன் எழுந்து உறைபெட்டியைத் திறந்தான். பட்டாணிப் பையை எடுத்து வந்து, அவள் காலைத் தூக்கி எதிர் நாற்காலியில் வைத்து, முட்டியின்மேல் அதைப் போட்டான். வழக்கமாகச் சொல்வதை அவனும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வான்கோழி வாங்காமல் கோழியோடு நிறுத்திக்கொண்டார்கள். ஜனவரியில் ஆல்டர்ட்டன் திவாலானது. நிதி நிறுவனத்துக்கு எவ்வளவு லாபம் என்று ரேடியோவில் ஒரு காலை சொன்னார்கள். "நாங்கள் நேரில் போய்ப் பார்த்தோம். அவ்வளவுதான்" என்றது ஒரு மென்மையான குரல். நெவில் ரேடியோவை அணைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினான். பெரிய மளிகைக் கடை ஒன்றின் வண்டி நிறுத்தத்தில், ஆட்கள் விட்டுவிட்டுப் போகும் தள்ளுவண்டிகளைச் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வரும் வேலை கிடைத்திருந்தது. மஞ்சள் சட்டை கொடுத்திருந்தார்கள். அறுபது வயதில் அது அவனுக்குத் தோளில் பெரிதாக இருந்தது.

கடையைக் கலைக்க வந்தவர்கள் வேறு ஆட்கள். காரெத்தை முதலிலேயே அனுப்பிவிட்டார்கள். பெவ்வையும் லொரைனையும் கடைசிவரை வைத்துக்கொண்டார்கள். ஜன்னல் முழுக்க மஞ்சள் தாளில் கடை மூடும் விற்பனை என்று ஒட்டினார்கள். அதன் பிறகு லாரிகள் வந்தன. செவ்வாய், வெள்ளி என்று இல்லை, நாளுக்கு இரண்டு மூன்று. மூடும் விற்பனை என்றால் கூட்டம் வரும், அந்தக் கூட்டத்தில் எதையும் தள்ளிவிடலாம் என்று, எங்கெங்கோ விற்காமல் கிடந்ததை எல்லாம் இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். பேர் தெரியாத கெட்டில்கள், சக்கரம் ஆடும் பயணப் பெட்டிகள், பழைய பூண்டு வாசனை அடிக்கும் செண்டு பாட்டில்கள்.

"நம்ம உசுரோட இருக்கறப்ப ஒரு கரண்டி அனுப்பல. செத்த வீட்டுக்கு விருந்து அனுப்பறான்" என்றாள் பெவ்.

லொரைன் அடுக்கினாள். முன்வரிசை, அதற்குப் பின்னால் ஒரு வரிசை, அதற்கும் பின்னால். பெட்டியை அகலவாட்டில் திருப்ப வேண்டியிருக்கவில்லை.

ஒரு சாயங்காலம் நெவில் வேலை முடிந்து அவளை அழைத்துப்போக வந்தான். மஞ்சள் சட்டையைக் கழற்றாமலே உள்ளே வந்துவிட்டான். லொரைன் கோட்டை எடுக்க உள்ளே போயிருந்தாள். திரும்பி வந்தபோது அவன் கெட்டில் அலமாரியின் கீழ்த்தட்டுக்கு முன்னால் குந்தியிருந்தான். முன்வரிசையில் இரண்டு பெட்டிகளை விலக்கி, கையை நடுவில் விட்டிருந்தான். மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை. உள்ளே இடித்தது. கையை எடுக்காமல் அப்படியே இருந்தான்.

"பின்னாடி வரைக்கும் இருக்கு லொரைன்" என்றான்.

"ஆமா. நேத்துதான் வந்துச்சு."

அவன் கையை உருவிக்கொண்டு எழுந்து, வாசலுக்குப் போய் அவளுக்காக நின்றான். வெளியே பஸ் வருகிற நேரம். லொரைன் ஓர் அட்டைப்பெட்டியை மடித்துத் தரையில் போட்டாள். வலது முட்டியை ஊன்றி, இடது முட்டியைப் பட்டும் படாமலும் வைத்து, அவன் விலக்கிய இரண்டு பெட்டிகளையும் விலைச்சீட்டுக்கு நேரே தள்ளிச் சேர்த்தாள்.